மாப்பிள்ளையை யாரும் கேட்கவில்லை

என் மகள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, காய்ச்சல் மருந்தை அவளுக்கு நான்கு மடங்கு அளவில் கொடுத்தேன். பழி என் மாமியார் மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டவன் நான். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது தெரிந்தே செய்தது. நான் சொல்ல வந்தது இரண்டாவதைத்தான். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அது விளங்காது.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவிக்கு ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தில். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டப்படி அவளுக்கு 26 வாரம் விடுப்பு கிடைத்தது. அதில் சில வாரங்கள் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டன. குழந்தை உட்காரப் பழகுவதற்குள் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அவள் அலுவலகத்தில் அவ்வளவு பேர் இல்லை. அதனால் அத்தை, அதாவது என் மாமியார், வந்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் மாமாவையும் மாடுகளையும் விட்டுவிட்டு, எங்களுக்காக வந்தார்.

தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. இதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. என் நிறுவனம் தானாகவே விடுப்பு கொடுத்தது. அதை நான் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்த வாரத்திலும் மீட்டிங்குக்கு வந்தான் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன். வாங்கினேன்.

வீட்டிலும் எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பொறுப்பான அப்பா என்ற பெயர். குழந்தை எப்போது பால் குடித்தாள், எத்தனை முறை சிறுநீர் கழித்தாள், எந்த மருந்து எந்த நேரம் என்று கைபேசியில் ஒரு எக்செல் பட்டியல் போட்டு மனைவியோடு பகிர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். பட்டியல் போடுவது எளிது. இரவில் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர்கள் மற்ற இருவர்.

ஒருநாள் வயிறு உப்புசத்துக்கு அத்தை வசம்பைச் சுட்டு, கல்லில் உரசிக்கொண்டிருந்தார். நான் தடுத்தேன். தடுத்தது சரி. குழந்தை மருத்துவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. “அளவு தெரியாம எதையும் குழந்தைக்குக் குடுக்கக் கூடாது அத்தை. இது உங்க ஊர் இல்ல” என்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை உரைகல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதற்குக்கூட என்னிடமோ மகளிடமோ கேட்டார்.

இப்போது மருந்து விஷயம். சின்னக் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று டிராப்ஸ். பெரும்பாலும் அதில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் மருந்து. இன்னொன்று சிரப். எங்கள் வீட்டில் இருந்த சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 125 மில்லி கிராம். அதாவது ஒரு மில்லி லிட்டருக்கு 25. டிராப்ஸ் நான்கு மடங்கு கெட்டி. தடுப்பூசிக் காய்ச்சலுக்கு வாங்கிய டிராப்ஸ் அலமாரியில் மிச்சம் இருந்தது. ஏழாம் மாதம் சளிக் காய்ச்சல் வந்தபோது மருத்துவர் சிரப் எழுதினார். எடை ஏழு கிலோ. கிலோவுக்கு 15 மில்லி கிராம் கணக்கில் சுமார் 100 மில்லி கிராம். அதற்கு சிரப்பில் நான்கு மில்லி லிட்டர். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு கொடுத்தார்கள். நான்காவது கோட்டில் நான் பேனாவால் மை வைத்தேன். இரண்டு பாட்டிலும் ஒரே நிறுவனத்துடையவை. லேபிளின் நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். பழையதைத் தூக்கிப் போடத் தோன்றவில்லை.

அன்று இரவு 10 மணி. மனைவி அசந்து தூங்கிவிட்டாள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். குழந்தையை அத்தை கூடத்தில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு மீட்டிங். அடுத்து நான் பேச வேண்டிய முறை. “மாப்பிள்ளை, உடம்பு கொதிக்குது” என்றார் அத்தை. காதில் ஹெட்போனோடு எழுந்து போனேன். அலமாரியில் கை வைத்தேன். கைக்கு வந்த பாட்டிலை எடுத்தேன். மூடியிலேயே சொட்டுக்குழாய் இருந்தது. அதைப் பார்த்தாவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காதில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரிஞ்சில் மை வைத்த கோடுவரை இழுத்தேன். குழந்தையின் கன்னத்தின் உள்பக்கமாக விட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள். 100 கொடுக்க வேண்டிய இடத்தில் 400 மில்லி கிராம் கொடுத்துவிட்டேன்.

பாட்டிலையும் சிரிஞ்சையும் மேசைமேல் வைத்தேன். “காய்ச்சல் திரும்ப வந்தா இதுலயே, இந்தக் கோடுவரைக்கும் குடுங்க அத்தை. என்னை எழுப்ப வேணாம்” என்றேன். என்னை எழுப்ப வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டியலில் எதையும் எழுதவில்லை. அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இரவு 3 மணிக்கு, நான் சொன்ன பாட்டிலில், நான் வைத்த கோடுவரை, நான் சொன்னபடியே அவர் கொடுத்தார்.

விடிகாலையில் குழந்தை வாந்தி எடுத்தாள். மனைவி எழுந்து வந்தாள். மேசைமேல் இருந்த பாட்டிலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அம்மா, ராத்திரி எதுலேர்ந்து குடுத்தே?”

“இதுலதான்டி. மாப்பிள்ளை எடுத்து வெச்ச...” என்று தொடங்கிய அத்தை என்னைப் பார்த்தார்.

அந்த ஒரு கணம்தான் என் வழக்கு. மனைவியின் கையில் இருந்த லேபிள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரவு அந்தப் பாட்டிலைத்தான் எடுத்தேன் என்பதும் தெரிந்தது. “நான்தான்” என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “நான்தான் தூக்கக் கலக்கத்துல மாத்தி எடுத்துட்டேன் போல” என்றார். மனைவி அதை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? பட்டியல் போட்டு மருந்து கொடுப்பவன் நான். ஆங்கில எழுத்து தெரியாதவர் அவர். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இதற்கு மேலும் உண்டு. மருத்துவமனைக்குப் போகும் வழியில் காரின் பின்இருக்கையில் அத்தை மடியில் குழந்தை கிடந்தாள். முன்இருக்கையில் நான் கைபேசியை எடுத்தேன். பட்டியலைத் திறந்தேன். “இரவு 10 மணி, சிரப், 4 மில்லி” என்று எழுதினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அவசரப் பிரிவில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, மனைவி அந்த வரியைத்தான் காட்டினாள். என் பொய்யை வைத்து என் குழந்தையின் ஆபத்தை அவர் கணக்குப் போட்டார்.

அப்போதுதான் பயம் பிடித்தது. மருத்துவரைத் தொடர்ந்து வராந்தாவுக்கு ஓடினேன். முதல் தடவையும் டிராப்ஸ்தான், கொடுத்தது நான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நேரத்தைக் கேட்டார். பாராசிட்டமால் அளவு மீறினால் முதலில் குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ஈரல் கெட்டால் அது வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், மாற்று மருந்து தேவைப்பட்டால் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது என்றார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 10 மணிக்கு நான் கொடுத்ததற்கு அந்த எட்டு மணி நேரம் முடிந்திருந்தது. “வீட்ல சொல்லிடுங்க” என்றார் மருத்துவர். சரி என்றேன். சொல்லவில்லை.

குழந்தையின் புறங்கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு செவிலியர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது இடத்தில்தான் ஊசி ஏறியது. மறுபடி மறுபடி இரத்தம் எடுத்து ஈரலைச் சோதித்தார்கள். ஈரல் தப்பியது. குழந்தை பிழைத்தது எங்கள் நல்ல காலம். என் யோக்கியதையில் சேராது. அந்த நாட்களில் அத்தை வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்ததை எடுத்தேனா, அலமாரியில் இருந்து எடுத்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக நினைவில் இருந்த ஒன்றை அவர் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டடி தள்ளி நின்று நான் அலுவலக மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை வீடு திரும்பியதும் அத்தை ஊருக்குப் போய்விட்டார். மாமாவுக்கு முடியவில்லை என்று காரணம் சொன்னார். எங்களுக்கு வேறு ஆள் அமையவில்லை. அது செப்டம்பர் மாதம். தணிக்கை அலுவலகத்தில் 30-ஆம் தேதிக் கெடு நெருங்கும் நேரம். யாருக்கும் விடுப்பு கிடையாது. மனைவி வேலையை விட்டாள். சி.ஏ. இறுதித் தேர்வுக்குக் கட்டியிருந்த பணமும் போயிற்று. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது.

முதல் பிறந்தநாளையொட்டி குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதாள். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு சித்தி, “படிக்காதவங்க கையில மருந்தக் குடுத்தா இப்படித்தான்” என்றார். அத்தை காதில் விழுந்தது. மாலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. மனைவி மருந்தை அவரிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “எனக்கு வேணாம்டி. மாப்பிள்ளையக் குடுக்கச் சொல்லு. அவருக்குத்தான் அளவு தெரியும்.” அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நானே கொடுத்தேன். அன்றும் சொல்லவில்லை. சொல்ல இன்னும் பல வாரங்கள் ஆயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. “எங்கம்மா வாசல்ல உக்காந்து மேசையா, அலமாரியான்னு புலம்பிட்டு இருந்தாங்களே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“பக்கத்துலதான்” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதற்கு நெடுநாள் ஆனது. இப்போது பேசுகிறாள். நான் ஒன்றைச் சொன்னால் சரிபார்க்கிறாள். சரிபார்ப்பது அவள் உரிமை.

அத்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன். தொழுவத்தில் இருந்தார். கேட்டுவிட்டு, “குழந்தை நல்லா இருக்கால்ல, விடுங்க மாப்பிள்ளை” என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மாப்பிள்ளையிடம் வேறு எதுவும் சொல்ல அவருக்கு வழி இல்லை. இன்றும் அவர் பேத்திக்கு மருந்து கொடுப்பதில்லை. பால் ஆற்றினால்கூட இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். நான் சொன்ன உண்மை அந்தப் பயத்தை எடுக்கவில்லை. காலம் கடந்து சொன்னேன்.

படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் டிராப்ஸும் சிரப்பும் சேர்ந்து இருந்தால் ஒன்றை இன்றே அப்புறப்படுத்துங்கள். கொடுத்த மருந்தைக் கொடுத்த கையோடு எழுதுங்கள். தவறு நடந்துவிட்டால் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால், பாட்டியையும் வேலைக்கு வரும் பெண்ணையும் விசாரிக்கும் முன், யாரும் கேள்வி கேட்கத் துணியாத மனிதரை முதலில் கேளுங்கள்.

எங்கள் உறவினர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். அன்றிரவு தவறான பாட்டிலை எடுத்தவன் நான். அதை மேசைமேல் வைத்து, இதிலேயே கொடுங்கள் என்று சொன்னவனும் நான். பட்டியலில் பொய் எழுதியவனும் நான். அத்தை நான் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். அவரைப் பற்றிப் பேசியவர்கள் அந்தப் பேச்சை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.