பழி வாங்க மறுத்த தெரு

ஒரு கலை எந்த ஊரில் பிறந்தது என்று கேட்பவர் பலர். எத்தகைய மண்ணில் பிறந்தது என்று கேட்பவர் சிலரே. ஹிப் ஹாப் என்றவுடன் பேரிரைச்சலும் தற்பெருமைப் பேச்சும் பொற்சங்கிலிகளுமே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. அவையும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பண்பாட்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் மகனை இழந்த ஒரு தாயின் முன்பாகச் சென்று நின்றுவிடுகிறது.

நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதியை ஊடறுத்து 1948 முதல் 1972 வரை ஒரு விரைவுச் சாலை அமைக்கப்பட்டது. குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, வசதி படைத்தோர் பலர் வெளியேறினர். எஞ்சியோருள் பெரும்பாலோர் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோருமான ஏழைகள். வேலையற்ற இளைஞர்கள் தெருவுக்கொரு கும்பலாகத் திரண்டனர். ஒரு கும்பலைச் சேர்ந்தவன் மற்றொரு கும்பலின் எல்லைக்குள் கால் வைப்பதே உயிருக்கு ஆபத்து.

அக்கும்பல்களுள் ஒன்று 'கெட்டோ பிரதர்ஸ்'. அதன் சார்பில் சமாதானம் பேசும் பொறுப்பை ஏற்றிருந்தவர் கார்னெல் பெஞ்சமின் என்னும் இளைஞர். 1971 டிசம்பர் 2 அன்று, மோதலைத் தடுக்கச் சென்ற அவர் கொல்லப்பட்டார். நேசக் கும்பல்கள் படை திரட்டி நின்றன. ஒரு சொல் போதும், பிராங்ஸ் தெருக்களில் இரத்தம் ஓடியிருக்கும். ஆனால், தம் மகன் சமாதானத்திற்காக வாழ்ந்தவன் என்றும், அவன் பெயரால் பழி வாங்கக் கூடாது என்றும் அவருடைய தாய் கேட்டுக்கொண்டார். கும்பலின் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சி மெலண்டெஸ் அச்சொல்லுக்குத் தலைவணங்கினார். டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவிலுள்ள சிறுவர் மன்றத்தில் எதிரிகள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உடன்படிக்கை கண்டனர். வன்முறை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எனினும் எல்லைகள் தளர்ந்தன.

தளர்ந்த அந்த மண்ணில்தான் 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தில், சிண்டி கேம்பல் என்னும் மாணவி பள்ளி உடைகளுக்குப் பணம் சேர்க்க ஒரு விருந்து நடத்தினாள். அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக உலகம் இன்று கொண்டாடுவது அந்நாளையே.

இளைஞர் கூட்டமொன்றில் இவ்வரலாற்றைச் சொன்னபோது ஒருவன் எழுந்து, "ஐயா, அடித்தவனைத் திருப்பி அடிக்காவிட்டால் கோழை என்பார்களே?" என்று கேட்டான். "கொலை நடந்த நாளுக்கும் உடன்படிக்கைக்கும் இடையே ஆறு நாள்கள். அந்த ஆறு நாள்களும் ஓங்கிய கையை அடக்கி வைத்திருப்பதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று எண்ணிப் பார், தம்பி" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் அமர்ந்தான்.

பிராங்ஸ் மற்றுமொரு சமாதானத் தூதரையும் இழந்தது. வீடின்றிக் காப்பகத்தில் தங்கியிருந்த லாரன்ஸ் பார்க்கரை, அங்குச் சமூகப் பணியாளராக இருந்த ஸ்காட் ஸ்டெர்லிங் கண்டெடுத்தார். கே.ஆர்.எஸ்.-ஒன், ஸ்காட் லா ராக் என்னும் பெயர்களில் இருவரும் 1987-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பின் அட்டையில் துப்பாக்கிகள் இடம்பெற்றிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, ஒரு தகராறைப் பேசித் தீர்க்கச் சென்ற ஸ்காட் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நண்பனை இழந்தவர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அடுத்த தொகுப்பின் அட்டையிலும் அவர் கையில் துப்பாக்கி இருந்தது. ஆனால் அதே தொகுப்பில் வன்முறையை நிறுத்தச் சொல்லும் பாடலும் இருந்தது. அவர் முன்னின்று தொடங்கிய இயக்கத்தில் பல பாடகர்கள் இணைந்து 1989-இல் ஒரு பாடலை வெளியிட்டு, அதன் வருவாயைத் தேசிய நகர்ப்புற லீக் என்னும் தொண்டமைப்புக்கு அளித்தனர். மனித மனம் வளர்வது இவ்வாறுதான்: ஒரு கையில் பழைய ஆயுதம் இருக்கும்போதே மறு கை புதியதொன்றைத் தேடுகிறது. அந்த இடைக்காலத்தில் நாம் இளையோரைக் கைவிட்டுவிடலாகாது.

திறமை தனி ஒருவருக்கு வாய்க்கலாம்; அது தழைப்பதற்கான அமைதியை யாரோ ஒருவர் முன்னதாகவே விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். நம் தெருவில் பிள்ளைகள் அச்சமின்றிப் பாடுகிறார்கள் என்றால், அதற்கு விலை கொடுத்தவர் யார்? நாளைய பிள்ளைகளுக்காக அதைக் கொடுக்கப்போகிறவர் யார்? இக்கேள்விகளை நாம் ஒவ்வொருவரும் நம் உள்ளத்தில் எழுப்பிப் பார்ப்போம்.