அனுமதித்த நேரம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் சிறு தெரு ஒன்றில், தையற்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, பத்தடிக்கு எட்டடி அறையில் நம் பழைய மாணவி ஒருத்தி நகங்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தி வருகிறாள். தமிழ் இலக்கியம் பயிற்றுவிப்பவர் எழுதத்தக்க பொருளா இது என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். உகிர் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது மட்டுமே நகம் நம் துறையைச் சேர்ந்தது, மற்றபடி அது அழகு நிலையத்தாரின் கவலை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற மாதம் தந்தையாரை அங்கே அழைத்துச் செல்ல நேர்ந்தபின் அவ்வெண்ணம் சற்று அசைந்துவிட்டது.

அப்பா எண்பதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். கால் பெருவிரல் நகங்கள் தடித்து மஞ்சளித்து, வீட்டு நகவெட்டிக்கு அடங்காமல் போய்விட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே முயன்று நகக்கண்ணில் இரத்தம் வரவழைத்துவிட்டோம். புண் ஆற மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் நாம் உறங்கியது குறைவு. பாதத்தைச் சோதித்த மருத்துவர், உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாகவே உள்ளன, பொறுமையும் பழக்கமும் உள்ள ஒருவர் நேராக வெட்டி அரத்தால் தேய்த்தால் போதும், தோலில் கத்தி படக்கூடாது என்றார். அப்போதுதான் அந்த மாணவியின் நினைவு வந்தது.

பி.ஏ. தமிழ் படித்தவள். யாப்பில் நல்ல மதிப்பெண். தேமா, புளிமா என்று அலகிடுவதில் காட்டிய நிதானத்தை இப்போது நகங்களிடம் காட்டுகிறாள். கல்லூரி முடித்துப் பயிற்சி பெற்று, நகரின் வேறொரு பகுதியில் பெரிய நிலையம் ஒன்றில் மூன்றாண்டு வேலை பார்த்திருக்கிறாள். அங்கே ஒவ்வொரு பணிக்கும் நேரம் கணினியிலேயே பதிந்திருக்குமாம். கால் பராமரிப்புக்கு 40 நிமிடம், ஜெல் பூச்சுக்கு 45. கூடினால் சம்பளத்தில் பிடித்தம். பழைய ஜெல்லை அசிட்டோனில் ஊறவைத்து எடுக்க நேரமின்றிச் சுரண்டி எடுத்ததில், கல்யாணப்பெண் ஒருத்தியின் நகம் காகிதம்போல் மெலிந்துபோயிற்று. அந்தப் பெண்ணின் தாயாரிடம் வாங்கிய ஏச்சுதான் தன்னைத் தனிக்கடை வைக்கச் செய்தது என்றாள்.

அப்பாவை நாற்காலியில் அமர்த்தியதும் அவள் கருவியைத் தொடவில்லை. கேள்விகள்தாம் முதலில்.

"தாத்தா, சக்கரை எவ்ளோ நாளா இருக்கு? கால் மரத்துப் போவுதா? ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

பிறகு விரலிடுக்குகளை விளக்கொளியில் பார்த்தாள். வழக்கமாக வெந்நீர்த் தொட்டியில் கால்களை ஊறவைப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊறவைப்பதில்லை என்று ஈரத்துணியால் துடைத்து, இடுக்குகளை உலர்த்தினாள். குதிகாலின் பித்தவெடிப்புக்குக் களிம்பு மட்டும். சிறுவிரலில் இருந்த கால் ஆணியைத் தொடவே இல்லை, "இதை டாக்டர்தான் பாக்கணும் தாத்தா" என்று சொல்லிவிட்டாள். தடித்த நகத்தை ஒரே வெட்டாக வெட்டாமல் சிறு சிறு சில்லுகளாக எடுத்துப் பின்பு அரம்.

இதற்கிடையே அப்பா சட்டைப்பையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. முடிந்ததும், "எழுபது நிமிஷம்" என்றார். சுவரில் அவளே எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையில் கால் பராமரிப்புக்கு நேராக 45 என்றிருந்தது. "இது யார் போட்ட டைம்?"

பழைய கடையின் எண்ணோடு அஞ்சு நிமிஷம் கூட்டிப் போட்டதாகச் சொன்னாள். அப்பா சிரித்தார். அவர் இவ்வட்டாரத்துப் பணிமனை ஒன்றில் ரேட் ஃபிக்ஸராக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ரயில்வே பணிமனைகளில் சித்தரஞ்சன் முறை என்றொரு ஊக்கத்தொகைத் திட்டம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் 'அலவ்டு டைம்', அதாவது அனுமதித்த நேரம், வகுத்திருப்பார்கள். நடுத்தரத் திறமையுள்ள தொழிலாளி அந்த நேரத்தை மிச்சப்படுத்தி அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு ஈட்ட முடியவேண்டும் என்பது அதன் கணக்கு. நேரத்தை வகுப்பவர்தாம் ரேட் ஃபிக்ஸர். ஒருவர் செய்யும் வேலையைக் கடிகாரத்தால் அளப்பதோடு அவர் பணி முடிவதில்லை. அளக்கப்படுபவர் எவ்வளவு வேகக்காரர் என்று மதிப்பிடவேண்டும். நடுத்தரக் கை 100 என்றால் இவர் 110ஆ, 90ஆ? அந்த எண்ணால் பெருக்கி, அதற்குமேல் களைப்புக்கும் சொந்தத் தேவைகளுக்கும் சேர்க்கவேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1957இல் வெளியிட்ட பணி ஆய்வு நூல் சொந்தத் தேவைக்கு 5 முதல் 7 விழுக்காடும், அடிப்படைக் களைப்புக்கு 4 விழுக்காடும் தருகிறது. தண்ணீர் குடிக்கவும் முதுகை நிமிர்த்தவும் மனிதனுக்கு நேரம் வேண்டும் என்பதை ஒரு நூல் விழுக்காட்டில் சொல்லவேண்டியிருந்தது.

இலக்கண ஆசிரியருக்கு இதில் வியக்க ஒன்றுண்டு. தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தார். யாருடைய கை நொடித்தது, இளைஞனுடையதா கிழவனுடையதா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டபோது நாம் நகைத்து ஒதுக்கினோம். அப்பா இருந்திருந்தால் ஒதுக்கியிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் மூன்று பிற்பகல்கள் அப்பா அங்கே போய் உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகம், பென்சில், கடிகாரம். வாடிக்கையாளர்கள் இவரைக் கடை முதலாளி என்று நினைத்துக்கொண்டார்கள். கல்லூரி விட்டு அவரை அழைத்துவரப் போகும் நாமும் ஓரமாக அமர்ந்து பார்க்க நேர்ந்தது.

ஜெல் பூச்சு என்பது நாம் எண்ணியதைப்போல வெறும் வண்ணம் பூசுதல் அன்று. நகத்தை வடிவாக்கி, அடித்தோலைப் பின்தள்ளி, மேற்பரப்பின் பளபளப்பையும் எண்ணெய்ப் பசையையும் போக்கியபின் ஒரு அடிப்பூச்சு, இரண்டு வண்ணப்பூச்சு, ஒரு மேற்பூச்சு. ஒவ்வொரு பூச்சையும் எல்.இ.டி. விளக்கின்கீழ் 30 முதல் 60 வினாடி வைத்து இறுகச் செய்யவேண்டும். நான்கு விரல்களுக்கு ஒருமுறை, கட்டைவிரலுக்குத் தனியாக ஒருமுறை. விளக்கு அவசரத்துக்கு இணங்காது. வினாடியைக் குறைத்தால் மேலே காய்ந்து உள்ளே இறுகாமல் மூன்றாம் நாளே உரிந்து வரும். இறுகாத ஜெல் தோலில் படுவது ஒவ்வாமைக்கும் வழி. பழைய ஜெல்லை எடுப்பதானால் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து விரல்நுனிக்கு அலுமினியத் தாள் சுற்றி 10, 15 நிமிடம் காத்திருக்கவேண்டும். மருதாணி இட்டுக்கொண்டு இரவெல்லாம் கையை அசைக்காமல் கிடந்த பெண்களின் பேத்திகள் இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்துமுறை கைப்பேசியைத் தொடப் பார்க்கிறார்கள். நாமும் அவ்வகைதான், குறை சொல்லவில்லை.

செயற்கை நகம் ஒட்டி நீட்டுவதற்கு இரண்டு மணி நேரம் வரை போகிறது. அதைப்பற்றி அப்பா ஒன்றும் எழுதவில்லை. "அது சிற்ப வேலை, அளக்க முடியாது" என்று விட்டுவிட்டார்.

அவர் பெரிதும் கண்டது இடைவெளிகளைத்தான். ஒருவர் எழுந்து அடுத்தவர் அமர்வதற்குள் அவள் கருவிகளைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கக் கரைசலில் 10 நிமிடம் முழுதாக அமிழ்த்துகிறாள். மேசையைத் துடைத்து, துண்டு மாற்றுகிறாள். நகச்சுத்தி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகாமல் இருப்பது இந்தப் பத்து நிமிடத்தால்தான். ஆனால் அட்டையில் அந்தப் பத்து நிமிடம் எங்குமே இல்லை. தாமதமாகும்போது அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று அப்பா பார்த்தார். கருவிகளை அவள் ஒருநாளும் சுருக்கவில்லை. மதியச் சோற்றைச் சுருக்கினாள். மூன்று நாளில் இரண்டு நாள் மாலை நான்கு மணிக்கு, நின்றபடி.

இது பெரம்பூருக்குப் புதிதன்று. 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் போய் பி. பி. வாடியாவை அழைத்துவந்தார்கள்; வாடியா தலைவரானார், திரு. வி. க. துணைத்தலைவர். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் அன்று சொன்ன குறைகளுள் முன்னே நின்றவற்றில் ஒன்று மதிய இடைவேளை போதவில்லை என்பது. கையைக் கழுவி உண்டு திரும்புவதற்குள் வாயிற்கதவு மூடிவிடும் என்ற அச்சம். அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. மதியச் சோறு மட்டும் இன்னும் நின்றபடியே உண்ணப்படுகிறது.

மூன்றாம் நாள் மாலை அப்பா கணக்கை வாசித்தார். பழைய ஜெல் ஏதும் இல்லாத கைக்கு அவள் எடுத்துக்கொண்டது சராசரி 52 நிமிடம். "நீ வேகக்காரி. உன் கைக்கு 110 போட்டிருக்கேன்." ஆக 57 சொச்சம். அதன்மேல் 11 விழுக்காடு சேர்த்தால் 63 சொச்சம். கழுவ, துடைக்க 10. வட்டமாக 75 நிமிடம்.

அவள் முகம் மாறிவிட்டது. "தாத்தா, காலைல பத்துலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும். சோத்துக்குப் போவ நாளைக்கு ஏழு பேர்தான் வரும். வாடகை யார் குடுப்பா? செவ்வா, வெள்ளி நகம் வெட்டக்கூடாதுன்னு பாதிப் பேர் வர்றதில்ல. எல்லாம் சனி, ஞாயிறுதான்."

"உரிஞ்சுபோச்சுன்னு திரும்பி வர்றவங்களுக்குக் காசில்லாம போடறியே, அது கணக்குல வருமா?"

"நா வேகமா செய்யறேன்ல, எதுக்கு 110ன்னு கூட்டணும்?"

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது, இத்தனை ஆண்டு நாமே கேட்டிராதது. 1980களில் கதவுப் பொருத்தும் வேலை ஒன்றுக்கு நேரம் வகுக்க ஓர் இளைஞனை அளந்திருக்கிறார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன், கடிகாரத்தைக் கண்டதும் பறந்து பறந்து செய்தானாம். அவன் வேகத்தை 100 என்றே இவர் எழுதிவிட்டார். 120 போட்டிருக்கவேண்டும். அதே வேலையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அடுத்த ஆறு மாதம் அவருக்கு ஊக்கத்தொகை என்று ஒரு பைசா வரவில்லை. அவர் சண்டைக்கு வரவில்லை. இவரைக் காணும்போது வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். நேரத்தைத் திருத்தி எழுத அப்பா முயன்று, அது நிறைவேறுவதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

"உனக்கும் ஒரு நாளு அம்பத்தஞ்சு வயசாகும். அதுக்கு முன்னாடி காய்ச்சல் வரும், முதுகு புடிக்கும். இன்னைக்கு இருக்கிற கையை வச்சு அட்டை எழுதாதே."

அவள் தலையசைத்தாள். ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. இரண்டாம் செட் கருவிகள் வாங்கினால் ஒன்று கரைசலில் கிடக்கும்போது மற்றொன்றால் தொடங்கலாம் என்றாள். அது நல்ல யோசனை என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். நேரம் கேட்டுப் பேசுபவரிடம் 'கையில் ஏற்கெனவே ஜெல் உள்ளதா' என்று முதலிலேயே கேட்டுவிட்டால் கால்மணி நேரக் குளறுபடி ஒழியும் என்பதையும் இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள். நாம் செய்த ஒரே உதவி, புதிய அட்டையில் 'நிமிடங்கள்' என்பதில் விடுபட்டிருந்த ஒற்றைப் புள்ளியை வைத்தது.

புதிய அட்டையில் ஜெல் 60 என்றும், பழையதை எடுத்துப் போட 75 என்றும் எழுதினாள். பெரியவர்களின் கால் பராமரிப்பு என்று புதிதாக ஒரு வரி; அதற்கு நேரே 75. மதியம் 2 முதல் 2.40 வரை யாருக்கும் நேரம் தருவதில்லை என்று அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. அது மட்டும் அப்பா கேட்காமலே வந்தது.

புறப்படும்போது அவள் கைப்பேசி ஒலித்தது. "சனிக்கிழமை அஞ்சு மணிக்கா அக்கா? பழைய ஜெல் எதுனா போட்டிருக்கீங்களா?... அப்ப ஆறே கால் வரைக்கும் ஆவும். இல்லக்கா, அந்தக் கடையில நாப்பத்தஞ்சுல முடிப்பாங்க, எனக்கு முடியாது."

மறுமுனை என்ன சொல்லிற்று என்று தெரியவில்லை. அவள் அட்டவணைக் குறிப்பேட்டில் எழுதவும் இல்லை, பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை.

ஆட்டோவில் அப்பா நெடுநேரம் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளரும், இரண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஜமாலியா தாண்டியதும், "அறுபதுன்னு போட்டுட்டா. பதினஞ்சு நிமிஷத்தை அவளே முழுங்கறா" என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.