வள்ளியாக வந்த அக்காவுக்கு



போன பங்குனிப் பொங்கலுக்கு, சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊருக்கு 'வள்ளி திருமணம்' நடிக்க வந்தீர்கள். ஒரு சீசனுக்கு எத்தனையோ ஊர் போகிறவர் நீங்கள். எங்கள் ஊர் நினைவில் நிற்காது. அடையாளம் சொல்கிறேன். மைக் விடாமல் கீச்சிட்டது. யானை வந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பயந்து ஓட வேண்டிய வள்ளியான நீங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, "அழாதே கண்ணு, இது நம்ம பிள்ளையார்தான்" என்று சமாதானம் சொன்னீர்கள். அந்த ஊர்தான்.

என் அம்மா முப்பது வருஷமாக வேட்டாபீசில் பட்டாசுச் சரம் பின்னுகிறார். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். ராத்திரி ஒன்பது அடித்தால் கண் செருகிவிடும். டிவி சீரியலைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அன்று பத்து மணிக்குப் பாயைக் கொண்டுவந்து விரித்தவர், விடிகிற வரைக்கும் தலை சாய்க்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது என்பது சின்ன வயதில் எனக்குத் தெரியாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருகிறார், நீங்கள் இன்னொரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறீர்கள், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு திசை. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிவைத்த கதையும் பாட்டும்தான். அவர் 1922-ல் மறைந்தார். நூறு வருஷம் தாண்டியும் அந்த ஒரு பிடிமானத்தை நம்பி, சாயங்காலம்தான் முகம் பார்த்துக்கொண்ட இரண்டு பேர் விடியவிடியக் காதல் செய்கிறீர்கள்! நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

வேடன் வேஷத்தில் முருகன் வந்து, தப்பி ஓடிய மானைப் பார்த்தாயா என்று கேட்டார். மானுக்கு அங்க அடையாளம் கேட்டீர்கள். அவர் கண், கழுத்து, இடை என்று அடுக்க அடுக்க, அந்த மான் யார் என்று புரிந்தும் புரியாதவர் மாதிரி ஒரு பார்வை பார்த்தீர்கள். பெண்கள் பக்கம் அங்கேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. கல்யாணம் கட்டினால் ராணி மாதிரி வைத்திருப்பேன் என்று அவர் சொன்னார். நீங்கள் கவணைக் கீழே வைத்துவிட்டு, "ராணி வேலைக்குக் கூலி எப்படி? வாரக்கூலியா, பீஸ் ரேட்டா?" என்று கேட்டீர்கள்.

அக்கா, எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ராஜபார்ட்டுக்கே பதில் வரவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரு சுரத்தை இழுத்து அவரைக் காப்பாற்றினார். பீஸ் ரேட் சங்கதி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிறகு விசாரித்தேன். அரிதாரம் பூசும்போது காப்பி கொண்டுவந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தீர்களாம்.

எங்கள் வீட்டுக் காலண்டரிலும் ஒரு வள்ளி இருக்கிறாள். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்த கொண்டைய ராஜு, கோவில்பட்டியிலேயே தங்கி வரைந்த தெய்வப் படங்கள்தான் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. எங்கள் முருகன் ஒரு வகையில் மேடையிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தவர். ஆனால் காலண்டர் வள்ளி வாய் திறப்பதில்லை. அம்மா இத்தனை வருஷமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆலோலம் பாடிக் குருவி விரட்டியது விஸ்வநாத தாஸின் மண்ணில். 1886-ல் சிவகாசியில் பிறந்த அந்த ராஜபார்ட் இதே நாடகத்தில்தான் சுதந்திரப் பாட்டுகளை நுழைத்தார்; வயலில் விரட்டிய கொக்கு, கேட்பவர் காதில் வெள்ளைக்காரன் ஆனது. பல முறை சிறைக்குப் போனார். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்று அவரோடு ஜோடி சேர நடிகைகள் தயங்கிய காலத்தில் துணிந்து நடித்தவர் கே.பி. ஜானகியம்மாள், பிற்பாடு 1967-ல் மதுரை கிழக்கின் எம்.எல்.ஏ. ஆனாரே, அவர்தான். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது. இதையெல்லாம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நோட்டீஸ் அச்சடித்தவர்கள் அவர் பெயரை ஒரு மூலையில் போட்டிருக்கலாம்.

பபூன் அண்ணனுக்கும் நன்றி சொல்லுங்கள். டான்ஸ் காமிக்கில் பாதி எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெளிந்தோம். ஆனால் மூன்று மணிக்குத் தூங்கி வழிந்த கூட்டத்தை ஒரே தும்மலில் எழுப்பி உட்காரவைத்தாரே, அது வித்தை.

மாலை மாற்றியபோது மணி ஐந்து. அதற்குக் கொஞ்சம் முன்னால், "பேர் சொல்ல விரும்பாத ஒரு ரசிகை வள்ளிக்கு அன்பளிப்பு ஐம்பது ரூபாய்" என்று மைக்கில் சொன்னார்கள். நீங்களும் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டீர்கள். அந்த ரசிகை இடதுபக்கம், வேப்பமரத்தடியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அண்ணன் கண்டால் கேலி செய்வான் என்றுதான் பெயர் கொடுக்கவில்லை.

ஏழு மணிக்கு வழக்கம்போல பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பியதும் உங்களுக்கென்று இரண்டு பெட்டி கம்பி மத்தாப்பு எடுத்துவைத்தார். பஸ்ஸிலோ பார்சலிலோ பட்டாசு அனுப்பக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீரோ மேல் நனையாமல் இருக்கிறது. அடுத்த பங்குனிக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.