குறி தவறிய பேராயர்

இங்கிலாந்தில் வில்லை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போனால் போலீஸ் வரும். 1963ஆம் ஆண்டின் மான்கள் சட்டம் அம்பு, ஈட்டி இரண்டையும் விலக்கியது. 1981இல் வந்த வனவுயிர்ச் சட்டம் எல்லாக் காட்டு விலங்குகள் விஷயத்திலும் வில்லுக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வில்லுக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்குகிறார்கள். ராபின் ஹூட் கதையை உலகத்துக்கே கொடுத்த நாட்டிலோ வில் என்பது அட்டைப்பலகையைக் குறிவைக்க மட்டும். இதற்குப் பின்னால் ஏதாவது கதை இருக்க வேண்டும் என்ற நினைப்புடன்தான் லண்டனில் மான் பார்க்கக் கிளம்பினேன்.

மான் பார்க்க லண்டனில் காடு தேட வேண்டியதில்லை. ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி 371ஆம் நம்பர் பஸ் பிடித்தால் போதும். மேட்டில் இருக்கிற வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ரிச்மண்ட் பூங்கா 2,500 ஏக்கர். லண்டனில் பிளேக் பரவியபோது ரிச்மண்ட் அரண்மனைக்கு இடம்பெயர்ந்த முதலாம் சார்லஸ், பிறகு தன் வேட்டைக்காக 1637இல் இந்த நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பினார். ஊரார் நிலத்தையும் சேர்த்தே வளைத்துக்கொண்டதில் பெரிய மனத்தாங்கல். அரசர் தலை போய்விட்டது, மதில் நிற்கிறது. உள்ளே செம்மானும் ஃபாலோ மானுமாக அறுநூறுக்கு மேல் திரிகின்றன.

என்னைக் கூட்டிப்போன அண்ணை முல்லைத்தீவுக்காரர். நியூ மால்டனில் நெடுங்காலமாக இருக்கிறார். அக்டோபர் மாதம், இணைசேரும் பருவம். செம்மான் ஆண்கள் கழுத்தை நீட்டி அலறிக்கொண்டிருந்தன. கொம்பில் பெரணியைச் சுற்றிக்கொண்டு ஒன்று மாப்பிள்ளை முறுக்கோடு நடந்தது. ஃபாலோ ஆணின் குரல் வேறு, அடித்தொண்டையில் குறட்டை விடுவதைப் போல. அதன் கொம்பு நுனியில் உள்ளங்கை மாதிரி விரிந்திருக்கும். நாலைந்து வயதுக்கு மேல்தான் அந்த விரிவு நன்றாக வரும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் மதிக்கவில்லை, மானும் சட்டை செய்யவில்லை.

“வன்னியில எங்கட மணம் காத்தில போனாலே மான் நிக்காது தம்பி. இஞ்ச பாருங்கோ, கமராவுக்கு நிண்டு குடுக்குது” என்றார் அண்ணை.

அவர் சொன்னது பாதி உண்மை. அதே ஃபாலோ இனத்தை லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் எப்பிங் காட்டில் போய்ப் பாருங்கள். அங்கே கறுப்பு நிற ஃபாலோ மான்கள் பெயர்பெற்றவை. ஒரு குச்சி ஒடிந்தால் போதும், மரநிழலோடு நிழலாகிவிடும். மான் ஒன்றுதான், அது மனிதனிடம் படித்த பாடம்தான் வேறு.

ஒருமுறை அம்புக்குத் தப்பிய முதிர்ந்த ஆண் ஏன் மறுபடி கிடைப்பதில்லை என்பதற்கு வேட்டைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள்: பாதையை மாற்றும், பகலில் வெளிவராது, காற்றை முகர்ந்து பார்க்காமல் திறந்தவெளியில் கால் வைக்காது. முதல் அம்பு ஏன் தவறியது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இன்றைய நல்ல வில்லிலிருந்து புறப்படும் அம்பு அதில் சுமார் கால்வாசி வேகம்தான் போகும். முப்பது மீட்டர் தூரத்தில் நிற்கிற மானின் காதுக்கு நாண் அதிர்ந்த சத்தம் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு வந்து சேர அதைப்போலச் சுமார் நாலு மடங்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மான் அம்பைப் பார்த்து விலகுவதில்லை. பாய்வதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது, அவ்வளவுதான். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அல்லது, இதுதான் கொடுமை, எங்கேயாவது தைத்து, மான் அதைச் சுமந்துகொண்டு ஓடிப் புதரில் கிடந்து சாகும். வில்லைத் தடைசெய்யச் சொல்பவர்கள் எடுத்துவைக்கும் முதல் காரணம் இந்தக் காயம்.

நம் அகத்துறைகளில் தப்பிய விலங்குக்கு வேறு வேலை. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, “என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா?” என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று அதற்குத் துறையே வகுத்தார்கள். யானையும் இல்லை, மானும் இல்லை, பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு என்பது தோழிக்கும் தெரியும். இங்கிலாந்தில் தப்பிய மான் ஒன்றின் கதை அப்படிக் காதலில் முடியவில்லை.

அதற்கு தேம்ஸின் தென்கரையில் லாம்பெத் அரண்மனைக்குப் போக வேண்டும். ஆற்றின் அக்கரையில் பாராளுமன்றம், இக்கரையில் செங்கல் கோபுரவாசல். கான்டர்பரி பேராயரின் லண்டன் இருப்பிடம் இது. வாசலில் நின்று பார்த்தால் சுற்றுலாப் பேருந்துகள் நிற்காமல் பாலம் ஏறிப் போவது தெரிகிறது. 1621இல் இங்கே இருந்தவர் ஜார்ஜ் அபட். கில்ஃபர்டில் துணித் தொழிலாளி ஒருவரின் மகன். ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தவர், 1611இல் பேராயர் ஆனார்.

1621 ஜூலை 24. ஹாம்ப்ஷயரில் ஸவுச் பிரபுவின் பிராம்ஸ்ஹில் தோட்டத்தில் வேட்டை. ஃபாலோ ஆண் கொழுத்திருப்பது கோடையில்தான். இணைசேரும் பருவத்தில் தீனி மறந்து இளைத்துவிடும். ஆகவே ஜூலையில் வேட்டை என்பது அந்தக் காலத்துப் பெரிய இடத்து வழக்கம். பேராயர் குறுக்குவில்லை எடுத்து ஓர் ஆண்மானைக் குறிவைத்தார். மான் தப்பியது. அம்பு தோட்டக் காவலர் பீட்டர் ஹாக்கின்ஸின் கையில் பாய்ந்தது. ரத்தம் நிற்கவில்லை. சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கதை. மரண விசாரணைக் குழு, இது விபத்து, அதுவும் செத்தவரின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று முடிவு சொன்னது. விலகி நிற்கும்படி ஹாக்கின்ஸை முன்பே எச்சரித்திருந்தார்களாம். ஆனால் மானைச் சுற்றி வளைத்து, வில்லுக்கு எதிரே கொண்டுவருவதுதான் காவலனின் வேலை. வேலையைச் செய்தவன் மேல் குற்றம், எய்தவர் மேல் பரிதாபம். நம்மூர் ஜமீன் காலத்திலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

திருச்சபைக்கோ வேறு கவலை. ரத்தம் சிந்திய குருவானவர் தன் பணியைத் தொடரத் தகுதி உள்ளவரா? பேராயர் வேட்டையாடலாமா என்பதே ஒரு வழக்கு. 1217ஆம் ஆண்டுக் காட்டுச் சாசனம், காட்டு வழியே போகிற பேராயர்களும் பிரபுக்களும் ஓரிரு மான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தது. பத்துப் பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. கருத்து ஒன்றுபடவில்லை. தானே வேட்டைப் பித்தரான ஜேம்ஸ் மன்னர் அபட்டின் பக்கம் நின்று மன்னிப்புக் கொடுத்தார். அப்படியும் புதிதாக ஆயர் பட்டம் பெறவிருந்த சிலர் அந்தக் கையால் திருநிலைப்படுத்தப்பட மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் லாட். 1633இல் அபட் இறந்ததும் அதே லாம்பெத் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரே.

அபட்டைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. ஹாக்கின்ஸின் மனைவிக்கு ஆண்டுக்கு இருபது பவுண்டு ஏற்பாடு செய்தார். சாகும்வரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உபவாசம் இருந்தார். சத்தத்தைக் குறிவைத்துச் சிறுவனைக் கொன்ற தசரதனுக்காவது சாபம் கிடைத்தது. அபட்டுக்குச் சாபம் கொடுக்கிற இடத்தில் யாரும் இல்லை, தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார்.

அந்த வேட்டை எப்படி நடந்திருக்கும் என்று கண்ணால் பார்க்க சிங்ஃபர்டுக்குப் போகலாம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து வருகிற ஓவர்கிரவுண்ட் ரயிலின் கடைசி நிறுத்தம். எப்பிங் காட்டின் விளிம்பில் மூன்றடுக்கு மரச்சட்டக் கட்டடம். 1543இல் எட்டாம் ஹென்றிக்காக எழுந்தது, பெயர் மட்டும் எலிசபெத் அரசியின் வேட்டை மாளிகை. மேல்தளங்களுக்கு அப்போது சுவர் கிடையாது. விருந்தாளிகள் சாய்ந்து நின்று வேட்டையை வேடிக்கை பார்க்கலாம், விரும்பினால் அங்கிருந்தே எய்யலாம். மானைத் தேடி அரசர் போகவில்லை, மானை அவரிடம் ஓட்டி வந்தார்கள். மேலே நின்றால் மரங்களும் புல்வெளியும் விரிகின்றன. மான் ஓடி வர வேண்டிய அந்தப் புல்வெளியில்தான் அதை விரட்டி வருகிறவனும் வர வேண்டும். பிராம்ஸ்ஹில் சாவு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அது இருந்தது.

இப்போது ரிச்மண்டில் மான் தொகையைக் குறைக்கும் வேலையைத் தொழில்முறைத் துப்பாக்கிக்காரர்கள் செய்கிறார்கள். நவம்பரிலும் பிப்ரவரியிலும் இரவில் நடைவாசல்களைக்கூட மூடிவிடுகிறார்கள், குறுக்கே மனிதர் யாரும் இருக்கக் கூடாது என்பதற்காக. பிரிட்டனில் மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழ்த் தேர்வில் பாதுகாப்புச் சோதனை ஒன்று உண்டு. இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று சரியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு முழுக்கச் சுடுகிறவருடையது, எதிரே நிற்பவருடையது அல்ல. கான்டர்பரி பேராயர் ஜார்ஜ் அபட் அந்தத் தேர்வில் தேறியிருக்க மாட்டார்.