முந்திக்கொண்டால்?

"அவன் அடிக்க வந்தாம்மா, நான் முந்திக்கிட்டேன்." பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வந்த மகன் சொன்னான்.

அன்று காலைதான் 1962 பற்றிப் படித்திருந்தேன். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளைக் கண்டதும், முந்திக்கொண்டு குண்டு வீசிவிட்டுப் படையெடுக்க அமெரிக்காவிடம் திட்டம் தயாராக இருந்தது. தளபதிகள் வற்புறுத்தியும் அதிபர் கென்னடி கடல்வழியை மட்டும் மறித்தார், பேசினார். 13 நாளில் ஏவுகணைகளைத் திரும்பப் பெற சோவியத் சம்மதித்தது. படையெடுத்து வருபவர்கள் மீது வீசக்கூடிய சிறிய அணு ஆயுதங்களும் கியூபாவில் இருந்த விஷயம், 30 வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. தெரிந்ததை வைத்துத்தானே திட்டம் போட முடியும்?

"நிஜமாவே அடிக்கத்தான் வந்தானாடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "கையைத் தூக்கினாம்மா... அவ்ளோதான்."