கணபதி சந்துகளில் பிறக்கும் குட்டி சி.என்.சி!

கோவை காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் பஸ் ஏறினால், கொஞ்ச தூரத்திலேயே போர்டுகளின் மொழி மாறிவிடும். துணிக்கடையும் நகைக்கடையும் பின்தங்கிப்போய், 'லேத் ஒர்க்ஸ்', 'கியர் கட்டிங்', 'பேட்டர்ன் ஒர்க்ஸ்', 'இங்கு ஜாப் ஒர்க் செய்து தரப்படும்' என்று வரிசை கட்ட ஆரம்பிக்கும். கணபதி வந்துவிட்டது என்று அர்த்தம். இறங்கி ஏதாவது ஒரு சந்துக்குள் திரும்பினால், இரும்பு சீவும் சத்தமும் கட்டிங் ஆயில் வாசனையும் வரவேற்கும்.

பம்ப்புக்கும் கிரைண்டருக்கும் உதிரி பாகங்கள் செய்யும் இந்தச் சந்துகளுக்கு, அவ்வப்போது வேறு ரகத்தில் ஓர் ஆள் வருவதுண்டு. கையில் பெரிய ஆர்டர் இருக்காது. செல்போனில் ஒரு டிராயிங் இருக்கும். வீட்டு கார் ஷெட்டில் சொந்தமாக ஒரு சி.என்.சி ரூட்டர் செய்ய வேண்டும், அதற்கு ஆறேழு அலுமினிய வார்ப்புகள் வேண்டும் என்பார். சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவராகவோ, கல்லூரி மாணவராகவோ, ஓய்வுபெற்ற ஃபிட்டராகவோ இருக்கலாம். ஆனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தன பீஸுங்க?"

சி.என்.சி ரூட்டர் என்பது, கணினி சொல்கிறபடி மரத்தையும் அக்ரிலிக்கையும் மெல்லிய அலுமினியத்தையும் செதுக்கும் இயந்திரம். பூஜையறைக் கதவில் தெரியும் துல்லியமான பூவேலையில் பாதி இப்போது இதன் கைவண்ணம்தான். வேகமாகச் சுழலும் ஒரு மோட்டார், அதன் முனையில் பென்சில் தடிமனுக்கு ஒரு வெட்டுளி. இதை இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என மூன்று திசைகளில் நகர்த்த வேண்டும். கொள்கை அவ்வளவுதான். சிரமமெல்லாம் 'ஆடாமல்' நகர்த்துவதில் இருக்கிறது.

ஆன்லைனில் ரெடிமேட் கிட் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. கதவுச் சட்டம்போல வரும் அலுமினிய நீளங்களைத் திருகி மாட்டினால் ஒரே நாளில் ஓடும். ஆனால் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் உடம்பு நடுங்கும். வெட்டின இடத்தில் அலையலையாகக் கோடு விழும். கெட்டியான, வயிறு பருத்த, உள்ளே விலா எலும்புபோல ரிப் கொடுத்த வார்ப்புப் பாகம் அப்படி வளைந்து கொடுக்காது. அதிர்வை விழுங்குவதில் வார்ப்பிரும்புதான் கெட்டிக்காரன் என்பது உண்மை. ஆனால் 300-க்கு 200 மி.மீ. அளவில், 20 மி.மீ. தடிமனில் ஒரு பக்கத் தூண் இரும்பில் எட்டரைக் கிலோவுக்கு மேல் வரும். அலுமினியத்தில் மூன்றேகால் கிலோ. நகரும் பாகம் கனமாக ஆக, மோட்டாரும் பெரிதாக வேண்டும், செலவும் ஏறும். வீட்டு மெஷினுக்கு அலுமினியம் நியாயமான சமரசம்.

இந்த வேலைக்கு ஏன் கோவை? 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டு மின் மோட்டாரைத் தயாரித்துக் காட்டிய ஊர் இது. இன்று அவிநாசி சாலையின் நீண்ட மேம்பாலம் ஜி.டி.நாயுடு பெயரில்தான் நிற்கிறது. பைக்காரா மின்சாரம், பஞ்சாலைகள், ஆழக் கிணறுகளுக்கான பம்ப்புகள், 1955-ல் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வேலையைத் தெருத்தெருவாகப் பிரித்துப் போட்டிருக்கின்றன. ஒரு பட்டறை மோல்டு மட்டும் போடும். அடுத்தது துளை மட்டும் போடும். மூன்றாவது சாணை மட்டும் பிடிக்கும். ஒரே ஒரு மெஷின் செய்ய நினைப்பவர் எதையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பொருளைத் தூக்கிக்கொண்டு சந்து மாறினால் போதும். இந்த வசதி எல்லா ஊரிலும் வாய்த்துவிடாது.

முதலில் போக வேண்டியது பேட்டர்ன் கடை. வார்க்க வேண்டிய பாகத்தை அப்படியே மரத்தில் செய்து தருபவர் பேட்டர்ன் மேக்கர். 'அப்படியே' என்பதில்தான் சூட்சுமம். அலுமினியம் உறையும்போது சுருங்கும், நூற்றுக்குச் சுமார் 1.3 பங்கு. 300 மி.மீ. பாகம் வேண்டுமென்றால் மரத்தில் கிட்டத்தட்ட 304 மி.மீ. செய்ய வேண்டும். இதற்கென்றே அவர்களிடம் ஒரு ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தச் சுருக்கத்தின் அளவுக்கு நீட்டிப் பொறிக்கப்பட்டிருக்கும். தெரியாதவர் எடுத்து அளந்தால் கணக்கு உதைக்கும்.

மண்ணிலிருந்து உருவிய பிறகு அச்சு உடையாதிருக்க, பக்கங்களுக்கு ஓரிரு டிகிரி சரிவு வேண்டும். மெஷினில் சீவப்போகும் முகத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. கூடுதல் சதை வேண்டும். உள்மூலைகள் கூர்மையாக இருந்தால் அங்கேதான் வார்ப்பு விரிசல் விடும், அதனால் வளைவு கொடுக்க வேண்டும். செல்போன் டிராயிங்கில் இவை எதுவும் இருக்காது. அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த மூல இப்படி வராதுங்க" என்று பென்சிலால் மாற்றிப் போடும் அந்தக் கைக்குத்தான் இந்தப் பயணத்தின் பாதிக் காசு கொடுக்க வேண்டும். பேரம் பேச வேண்டிய இடம் இதுவல்ல.

அடுத்து ஃபவுண்டரி. வீட்டில் கிடக்கும் பழைய அலுமினியக் குண்டானையும் ஜன்னல் சட்டத்தையும் மூட்டை கட்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அது உதவாது. அவை தட்டவும் நீட்டவும் ஏற்ற ரகம், அச்சின் மூலை முடுக்குக்கெல்லாம் ஓடிப் பாயாது. வார்ப்புக்கு சிலிக்கான் கலந்த அலுமினியம் வேண்டும். எல்.எம்.6 என்று கேட்டாலே பட்டறைக்காரருக்குப் புரியும், அதில் சிலிக்கான் 10 முதல் 13 சதவிகிதம். பழைய இரும்புக் கடையில் தேடுவதென்றால் பிஸ்டன், இன்ஜின் மூடி, கார் அலாய் வீல் ஆகியவை நல்ல சரக்கு. அவையே ஒரு காலத்தில் வார்ப்புகள்தானே.

கரும்மண்ணைச் சலித்து, ஈரம் பார்த்து, பேட்டர்னைச் சுற்றி இடித்து இறுக்குவார்கள். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கி, உடைத்துப் பார்ப்பதுதான் சோதனை. பெட்டியைப் பிரித்து மரத்தை மெதுவாக உருவினால் உள்ளே பாகத்தின் வெற்றிடம் இருக்கும். அதற்குள் சுமார் 700 டிகிரியில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

இரும்பு வார்ப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஏமாற்றம் தரலாம். தீப்பொறி கிடையாது, ஆரஞ்சு நிற ஒளி கிடையாது. பகல் வெளிச்சத்தில் உருகிய அலுமினியம் பால்போல, பாதரசம்போல அமைதியாகத் தெரியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, சூடானதாகவே தோன்றாது. ஈரமான துண்டு ஒன்றை மூசைக்குள் போட்டால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி அடிக்கும். ஈரமான சிமென்ட் தரையில் சிந்தினாலும் தரை வெடித்துத் தெறிக்கும். வீடியோ பார்த்துவிட்டு மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாவை உலையாக்க நினைப்பவர்கள், ஒரு முறையாவது இங்கு வந்து இரண்டு மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. ஊற்றும் வேலையை ஃபவுண்டரிக்கே விட்டுவிடுவது அதைவிட நல்லது.

ஆனால் ஆறு பீஸுக்காக யார் உலையைப் பற்றவைப்பார்கள்? யாரும் மாட்டார்கள். பெரிய ஆர்டர் ஓடும் நாளில், மிச்ச உலோகத்தில் இந்தச் சில்லறை வேலையும் சேர்ந்துகொள்ளும். "வெள்ளிக்கிழம வாங்க" என்றால் வெள்ளிக்கிழமை போக வேண்டும், சில சமயம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்ததிலிருந்தே நிலைக் கட்டணம், உச்ச நேரக் கட்டணம் என்று சிறு தொழிற்கூடங்கள் புலம்புகின்றன, மறுவருடம் கதவடைப்பே நடத்தின. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் ஒரு பொழுதுபோக்குக்காரரின் ஆறு பீஸுக்கு மண் இடித்துத் தருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கையில் வரும் வார்ப்பு பார்க்க முரடாக இருக்கும். உடனே சீவக் கூடாது. உறைந்தபோது உள்ளே இறுகிய விசை, மேல் தோலைச் சீவியதும் விடுபட்டு பாகத்தை முறுக்கும். அதனால் இரு பக்கமும் மேலோட்டமாகச் சீவி, கொஞ்ச நாள் கிடப்பில் போட்டு, அப்புறம்தான் கடைசி வெட்டு. இந்தக் கடைசி வெட்டில்தான் முழு மெஷினின் தலையெழுத்தும் இருக்கிறது. 200 மி.மீ. முகத்தில் 0.1 மி.மீ. சாய்வு என்பது ஒன்றரைத் தலைமுடி கனம். ஆனால் அந்த முகத்தை நம்பி நிற்கும் குறுக்குத்தண்டின் 600 மி.மீ. தள்ளிய மறுமுனையில் அது 0.3 மி.மீ. ஆகிவிடும். சதுரம் செதுக்கச் சொன்னால் சாய்சதுரம் வரும். போல்ட்டை இறுக்கி நேராக்கலாம் என்று பார்த்தால், ரயில் இறுகி நகரவே நகராது. மில்லிங் பட்டறையில் டயல் கேஜ் முள்ளைப் பார்த்தபடி நிதானமாகத் தட்டித் தட்டி மட்டம் பிடிப்பவர் கிடைத்தால், அவரை விடக் கூடாது.

மற்ற வேலை இதைவிடச் சுலபம். 16 மி.மீ. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஆக ஓரடிக்கு 0.025 மி.மீ. கட்டளை கொடுக்க ஆர்டுயினோ போர்டும், இலவசமாகக் கிடைக்கும் ஜி.ஆர்.பி.எல் மென்பொருளும் போதும். கணினிக் கையுள்ளவருக்கு இது ஒரு வார இறுதி வேலை.

காசுக் கணக்குப் பார்த்தால் இது லாபமில்லை. பேட்டர்ன் கூலி ஒரே ஒரு மெஷினின் தலையில் விழுகிறது. அதே பேட்டர்னில் நான்கு நண்பர்கள் சேர்ந்து வார்த்தால் கணக்கு மாறும். அப்படிக் கூட்டுச் சேர்ந்து வருபவர்களைப் பட்டறைகளும் கொஞ்சம் மரியாதையாகவே பார்க்கின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இப்படி ஓடத் தொடங்கும் ரூட்டரால் அழகாகச் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று, மரத்தில் பேட்டர்ன் செதுக்குவது. பெரிய ஃபவுண்டரிகளுக்கான பேட்டர்ன்கள் ஏற்கெனவே சி.என்.சி.யில்தான் வெட்டப்படுகின்றன. உளி பிடிக்கும் பேட்டர்ன் மேக்கர்களுக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தேதான் செய்து கொடுக்கிறார்கள். சரிவும் சுருக்கமும் எங்கே எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லவும் ஆள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம்தான். ஆனால் அதைச் சொல்லித்தரும் அளவுக்கு அந்தக் கடைகளில் இளம் முகங்கள் அதிகம் தென்படவில்லை.

ஃபவுண்டரியின் பரணில் பார்த்தால், யார் யாரோ விட்டுப்போன மரப் பேட்டர்ன்கள் தூசி படிந்து அடுக்கியிருக்கும். பம்ப் உறை, கிரைண்டர் அடித்தட்டு, என்னவென்றே தெரியாத ஏதோ ஒரு கைப்பிடி. பேட்டர்ன் காசு கொடுத்தவருக்குச் சொந்தம். வார்ப்பை வாங்கும் அன்றைக்கே அதையும் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மரம் வளைந்துவிட்டால் அடுத்த மெஷின் இல்லை.