பதினெட்டாம் நம்பர் கொட்டகை

சில படங்களை நல்ல படம் என்று சொல்லவும் மனம் வருவதில்லை, மறந்துவிடவும் முடிவதில்லை. 1980-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹாங்கர் 18’ அந்த ரகம். ஹாங்கர் என்றால் விமானங்களை நிறுத்தும் கொட்டகை.

விண்வெளி ஓடத்திலிருந்து ஏவிய துணைக்கோள் ஒன்று பறக்கும் தட்டின் மேல் மோதிவிடுகிறது. ஓடத்தில் இருந்தவர்களில் ஒருவர் மாண்டுபோகிறார். அடிபட்ட தட்டு அரிஸோனா பாலைவனத்தில் இறங்க, சர்க்கார் அதைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் ஒளித்துவைக்கிறது. ஜனங்கள் பீதியடைவார்களே என்ற கவலையாலா? அதெல்லாம் இல்லை. தேர்தல் நெருங்கிவிட்டது. பறக்கும் தட்டை நம்புகிறவர் என்று எதிர் அபேட்சகரை ஜனாதிபதி கேலி செய்திருந்தார். இப்போது தட்டு நிஜமாகவே வந்து நின்றால் அவர் கதி என்ன?

படத்தில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. தட்டைப் பார்த்தால் பொம்மைக் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது. வேற்றுலக எழுத்தை நம்மவர்கள் வெகு சுலபமாகப் படித்துவிடுகிறார்கள். கார் துரத்தல்களோ முடிகிற வழியாக இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு பொய்யைக் காப்பாற்றப் பழி சுமக்க ஆள் வேண்டியிருக்கிறது. உயிர் தப்பிய இரண்டு விண்வெளி வீரர்கள் தலையில் பழி விழுகிறது. உண்மையைத் தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவர் உயிரையே இழக்கிறார். கடைசியில் கொட்டகையையே தகர்க்க உத்தரவாகிறது. உள்ளே வேலை செய்பவர்கள் சர்க்காரின் சொந்த மனிதர்கள்தாம்!

இது வெறும் கதைதானே என்று தள்ளிவிட முடியவில்லை. 1947 ஜூலையில் நியூ மெக்ஸிகோவிலுள்ள ராஸ்வெல் விமானப்படைத் தளம் பறக்கும் தட்டு கிடைத்ததாக அறிவித்தது. உடனேயே, அது வானிலை பலூன் என்று மேலிடம் திருத்திச் சொன்னது. 1994-இல் விமானப்படை வெளியிட்ட அறிக்கை வேறு சங்கதி சொன்னது: ரஷ்யர்களின் அணுகுண்டுச் சோதனையை ஆகாயத்தின் உயரத்திலிருந்து ஒட்டுக் கேட்க அனுப்பிய ரகசிய பலூன்களில் ஒன்றாம் அது, திட்டத்தின் பெயர் ‘மோகல்’.

ஆக, ஒளித்தது வாஸ்தவம். ஒளித்தது தட்டு அல்ல. அந்தக் காலத்தில் அந்த ரகசியத்துக்கு நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். நாற்பத்தேழு வருஷம் கழித்து உண்மையைச் சொன்னபோது, அதையும் இன்னொரு பொய் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைக்குள் தட்டு இருந்ததோ இல்லையோ, ஜனங்களின் நம்பிக்கை அதற்குள் அகப்பட்டுக்கொண்டுவிட்டது. அதை வெளியே கொண்டுவர எந்த அறிக்கையாலும் முடியவில்லை.